ஒரு ரூபாக் குற்றிக்கு விடை கொடுக்கலாமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஐந்து, சில்லறைக் காசைப் பற்றியவை. முள்ளியவளைப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கக்கடையில் 1979 முதல் 2016 வரை காசுப்பெட்டிக்கு முன்னால் இருந்தவள் நான். அதனால் இந்த ஐந்துக்கு மட்டும் இம்முறை பதில் எழுதுகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், அடுத்த மாதம் உங்கள் முறை.

கேள்வி: அக்கா, நான் மல்லாவியில் ஒரு சின்னப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். அமெரிக்காவில் ஒரு சதக் குற்றி அடிப்பதை நிறுத்திவிட்டார்கள் என்று கனடாவில் இருக்கும் அண்ணன் சொன்னார். கனடாவில் எப்போதோ நிறுத்தியாயிற்றாம். நாங்கள் மட்டும் ஏன் இன்னும் ஒரு ரூபாக் குற்றியோடு மாரடிக்க வேண்டும்? மிச்சக்காசுக்குப் பதில் டொபி கொடுத்தால் சனம் முகத்தைச் சுளிக்கிறது.

பதில்: நிறுத்தலாம் தம்பி. இனிமேல் ஒரு ரூபாக் குற்றி அடிக்க வேண்டியதில்லை, இரண்டு ரூபாவும் வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். ஆனால் உங்கள் கடைசி வரி என்னை விடவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அண்ணன் சொன்னது சரி. 1793இலிருந்து அடித்துவந்த ஒரு சதக் குற்றியை, 2025 நவம்பர் 12ஆம் திகதி பிலடெல்பியா நாணயச் சாலையில் கடைசியாக அடித்தார்கள். அந்த ஒரு சதத்தைச் செய்ய 2024இல் அவர்களுக்கு 3.69 சதம் முடிந்தது. அந்த வருடத்தில் மட்டும் 300 கோடிக்கு மேல் அடித்து, எட்டரைக் கோடி டொலர் நட்டப்பட்டார்கள். கனடா 2012 மே மாதத்தில் வின்னிபெக்கில் தன் கடைசி ஒரு சதத்தை அடித்து, 2013 பெப்ரவரி 4ஆம் திகதியோடு அதை வங்கிகளுக்குக் கொடுப்பதையும் நிறுத்தியது. அவுஸ்திரேலியா 1992இலேயே ஒரு சதத்தையும் இரண்டு சதத்தையும் திரும்ப எடுக்கத் தொடங்கிவிட்டது.

இப்போது நம் காசை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டொலர் 300 ரூபா என்று வைத்தால், அமெரிக்காவின் ஒரு சதம் நமக்கு மூன்று ரூபா. அவர்கள் பெறுமதி இல்லையென்று கைவிட்ட காசில் மூன்றில் ஒரு பங்குதான் நம் ஒரு ரூபா. 2022 மார்ச்சில் 200 ரூபாவுக்கு நின்ற டொலர், மே மாதத்தில் 360க்குப் போனபோதே ஒரு ரூபாக் குற்றியின் உயிர் போய்விட்டது. நம் குற்றிகளை வெளிநாட்டு நாணயச் சாலைகள்தான் அடித்துத் தருகின்றன. அதற்கும் டொலர்தான் கொடுக்க வேண்டும். மருந்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் டொலர் இல்லாமல் வரிசையில் நின்ற நாடு, ஒரு ரூபாக் குற்றிக்காக டொலர் செலவழிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதோடு, இது நமக்குப் புதிதும் இல்லை. 1872இல் ரூபாவை நூறு சதமாக்கியபோது இந்த நாட்டில் அரைச் சதம், காற்சதம் எல்லாம் செப்பில் இருந்தன. நான் சிறுமியாக இருந்தபோது அவை இல்லை. ஐந்து சதம் இருந்தது, மூலை மழுங்கிய சதுரம். பத்துச் சதத்துக்குப் பூவிதழ் போல விளிம்பு. கண்ணை மூடிக்கொண்டே எது எதுவென்று விரலால் சொல்லிவிடலாம். 1963இல் வந்த அலுமினிய ஒரு சதம் அவ்வளவு இலேசு. கிணற்றடி வாளியில் மெதுவாக வைத்தால் மிதக்கும். ஐந்து சதத்துக்குத் தோடம்பழ இனிப்பு வாங்கி, ஆளுக்குப் பாதியாகக் கடித்துத் தின்றிருக்கிறோம். அந்தச் சதங்கள் செல்லாது என்று யாரும் அறிவிக்கவில்லை. ஒரு நாள் கடைக்காரர் வாங்கவில்லை, அடுத்த நாள் பஸ்ஸில் வாங்கவில்லை, அப்படியே போய்விட்டன. மின்சாரப் பட்டியலிலும் வங்கிப் புத்தகத்திலும் மட்டும் இன்னும் சதம் எழுதுகிறார்கள்.

எனக்கு வருத்தம் அந்த முறையில்தான். காசு சத்தமில்லாமல் சாகும்போது, மிச்சம் யாருடையது என்ற கேள்விக்குப் பதில் எழுதப்படாமல் போகிறது. அப்போது வாய் பேசக்கூடியவர் அதை எடுத்துக்கொள்வார்.

இனி உங்கள் டொபிக்கு வருகிறேன். 1996இல், யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்த சனமும் வன்னிக்கு வந்து சேர்ந்த காலம். நிவாரண அட்டையோடு காலையிலேயே சங்கக்கடை வாசலில் வரிசை நிற்கும். பொருளாதாரத் தடை, பற்றரி இல்லை, எரிபொருள் இல்லை. சில மாதங்களில் சில்லறையும் இல்லை. கையில் இருந்த தாள்கள் ஒட்டி ஒட்டிக் கந்தலானவை. ஒருவருக்கு மூன்று ரூபா மிச்சம் கொடுக்க வேண்டும், பெட்டியில் குற்றி இருக்காது. எங்கள் மனேச்சர் என்னிடம் ஒரு சி.ஆர். கொப்பியைத் தந்து சொன்னார்: "பிள்ளை, இது எங்கட காசில்ல. சனத்தின்ர காசு எங்களிட்ட நிக்குது. எழுதி வை." அன்றிலிருந்து குடும்ப அட்டை இலக்கம், திகதி, தரவேண்டிய தொகை என்று எழுதிவைப்பேன். ஒரு ரூபா, இரண்டு ரூபா 50 சதம், 75 சதம். சில்லறை வந்த நாளில் கூப்பிட்டுக் கொடுத்துக் கோடு கீறுவேன். மிச்சக் கொப்பி என்றுதான் அதற்குப் பெயர். பிற்பாடும் சில்லறை தட்டுப்பட்ட நாட்களில் அந்தப் பழக்கத்தை நாங்கள் விடவில்லை.

2009இல் அந்தக் கொப்பிகள் எல்லாம் போய்விட்டன. 2010இல் ஊருக்குத் திரும்பி வந்து, தகரக் கொட்டிலில் கடையைத் திறந்தோம். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ ஒரு கிழவி வந்து, "பிள்ளை, எனக்கு நீங்கள் ஏழு ரூபா தரவேணும்" என்றா. கொப்பி இல்லை, சாட்சி இல்லை. கொடுத்தேன். அவ அதை எண்ணி வாங்கி, சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனா. எல்லாவற்றையும் இழந்துவிட்டு வந்த மனுசிக்கு அந்த ஏழு ரூபா நினைவில் இருந்தது.

அதனால் டொபி வேண்டாம் தம்பி. டொபி வாங்குகிறீர்களா என்று நீங்கள் கேட்கவில்லை, வேண்டும் என்று அவர்களும் சொல்லவில்லை. அவர்களுடைய காசுக்கு உங்கள் சரக்கை விற்றுவிடுகிறீர்கள். நாளைக்கு அதே மூன்று டொபியைக் கொண்டுவந்து சீனிக் காசில் கழிக்கச் சொன்னால் வாங்குவீர்களா? ஒரு கொப்பி போடுங்கள். அல்லது மூன்று ரூபாவுக்கு மேல் என்றால் ஐந்தாகக் கொடுத்துவிடுங்கள், அடுத்த தடவை அவர்கள் உங்களுக்கு விட்டுக்கொடுப்பார்கள்.

கேள்வி: அம்மா, நான் கிளிநொச்சியில் உயர்தரம் படிக்கிறேன். ஒரு குற்றி ஆயிரம் தடவை கைமாறும்தானே? அப்படியென்றால் ஒரு ரூபாக் குற்றியைச் செய்ய மூன்று ரூபா முடிந்தால்தான் என்ன? ஏன் அதை நட்டம் என்கிறார்கள்?

பதில்: நல்ல கேள்வி பிள்ளை. பெரிய பெரிய ஆட்கள் பேசும்போதும் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

செய்கூலி கூடிவிட்டது என்பது மட்டும் ஒரு குற்றியை நிறுத்தப் போதாது. அமெரிக்காவையே எடுங்கள். அவர்களுடைய ஐந்து சதக் குற்றி ஒன்றுக்கு 2024இல் 13.78 சதம் முடிந்தது. ஒரு சதத்தில் விட்டதைவிட அதில்தான் குற்றி ஒன்றுக்குக் கூட நட்டம். இருந்தும் ஒரு சதத்தை நிறுத்தியபோது ஐந்து சதத்தைத் தொடவில்லை, ஏனென்றால் அதற்கு இன்னும் ஓட்டம் இருக்கிறது. மண்வெட்டிக்கு 2,000 ரூபா கொடுக்கிறோம், ஒரு கொத்துக்கு அவ்வளவு பெறாது என்று யாரும் சொல்வதில்லை. பத்து வருடம் கொத்தலாம் என்றுதானே வாங்குகிறோம்.

கொத்தாத மண்வெட்டியாகக் குற்றி மாறும்போதுதான் பிரச்சினை. அதை நான் என் மேசையில் கண்டேன். திங்கட்கிழமை வங்கியிலிருந்து ஒரு ரூபாக் குற்றிப் பை ஒன்று வரும். வெள்ளிக்கிழமை பை காலி. அந்தக் குற்றிகளெல்லாம் மிச்சக்காசாகச் சனத்திடம் போயிருக்கும். திரும்பி எத்தனை வரும் என்று நினைக்கிறீர்கள்? ஒரு கைப்பிடியும் வராது. 100 ரூபாத் தாளை நீட்டுவார்கள், மிச்சத்தை வாங்கிப் பையில் போடுவார்கள், வீட்டில் போய்ப் போத்தலில் கொட்டுவார்கள். அடுத்த திங்கள் திரும்பவும் புதுப் பை. ஒரு பக்கம் மட்டும் திறக்கிற வான்கதவு மாதிரி. ஆயிரம் தடவை கைமாறுகிற குற்றி என்று நீங்கள் எழுதியது, என் கணக்கில் ஒரு தடவைதான் மாறியது. அமெரிக்காவில் இன்னும் 30,000 கோடி ஒரு சதக் குற்றிகள் வெளியே இருக்கின்றன என்று அவர்களுடைய திறைசேரி மதிப்பிட்டது. ஆளுக்கு 800க்கும் மேல் வரும். அவ்வளவு இருந்தும் வருடா வருடம் புதிதாக அடித்துக்கொண்டிருந்தார்கள், பழையது கடைக்குத் திரும்பாததால்.

ஆகவே உங்கள் பொருளியல் கொப்பியில் செய்கூலியோடு நிற்காமல், அந்தக் குற்றி எத்தனை தரம் கடைக்குத் திரும்பி வருகிறது என்பதையும் ஒரு கேள்வியாக எழுதிக்கொள்ளுங்கள். கிளிநொச்சிச் சந்தையில் ஒரு சனிக்கிழமை நின்று, பத்துக் கடையில் கேட்டுப் பார்த்தால் நல்லதொரு ஒப்படையே செய்யலாம்.

கேள்வி: வீட்டில் ஹோர்லிக்ஸ் போத்தல் நிறைய ஒரு ரூபாவும் இரண்டு ரூபாவும் கிடக்கின்றன. என்ன செய்யலாம்? (வாசகி, நெடுங்கேணி)

பதில்: ஐம்பது ஐம்பதாக எண்ணிக் கடதாசியில் சுற்றி, பக்கத்துக் கடையில் கொடுத்துத் தாளாக வாங்குங்கள். கடைக்காரருக்குச் சில்லறை பொன் மாதிரி. போத்தலுக்குள் பழைய சதுர ஐந்து சதம் அகப்பட்டால் அதைப் பேரப்பிள்ளைகளுக்கு எடுத்து வையுங்கள்.

கேள்வி: அக்கா, ஒட்டுசுட்டானிலிருந்து எழுதுகிறேன். தையல் வேலைக்கு ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் போய் வருகிறேன். இதை எழுதும்போது கட்டணம் 27 ரூபா. 30 கொடுத்தால் மூன்று ரூபா ஒரு நாளும் திரும்பி வருவதில்லை. கேட்டால் "சில்லறை இல்லை". ஒரு ரூபாவை முழுக்க நிறுத்திவிட்டால் இந்தக் கொள்ளை சட்டமாகிவிடாதா?

பதில்: தங்கச்சி, உங்கள் பயம் நியாயமானது. எனக்கும் அதுதான் பயம்.

2024 ஒக்டோபரில் ஆகக் குறைந்த பஸ் கட்டணத்தை 28 ரூபாவிலிருந்து 27 ரூபாவாகக் குறைத்தார்கள். குறைத்தது யாருக்குப் போய்ச் சேர்ந்தது? நீங்கள் 28க்கும் 30 கொடுத்தீர்கள், 27க்கும் 30 கொடுக்கிறீர்கள். போக மூன்று, வர மூன்று, நாளுக்கு ஆறு ரூபா. மாதம் 25 நாள் வேலை என்றால் 150. வருடத்துக்கு 1,800 ரூபா. ஒரு வீட்டின் பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்குகிற காசு. நடத்துனரும் பொல்லாதவர் என்று நான் சொல்லமாட்டேன். உண்மையிலேயே அவருடைய பையில் ஒரு ரூபாக் குற்றி இருக்காது. இல்லாத குற்றியை வைத்துக் கட்டணம் எழுதியவர்களிடம்தான் நான் இதைக் கேட்பேன்.

ஆகவே குற்றியை நிறுத்துவதற்கு முன்னால் மிச்சத்தின் சட்டத்தை எழுத வேண்டும். கனடாவில் சட்டமாக இல்லாவிட்டாலும், ஒரு வழிகாட்டலை முன்கூட்டியே செய்தார்கள். அரசாங்கமே முறையை எழுதி வெளியிட்டது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிற மட்டந்தட்டல்தான். நம் நாட்டில் ஐந்து ரூபாவை ஆகக் குறைந்த குற்றியாக வைத்தால் இப்படி வரும்: கணக்கு 1 அல்லது 2இல் முடிந்தால் கீழே இறக்க வேண்டும், 3 அல்லது 4 என்றால் 5 ஆக்கலாம், 6ம் 7ம் திரும்பவும் 5க்கு இறங்கும், 8ம் 9ம் அடுத்த பத்துக்கு ஏறும். 487 என்றால் 485. 488 என்றால் 490. இந்த முறையில் உங்கள் 27 ரூபா பஸ் கட்டணம் 25 ஆகிறது. இன்றைக்கு எந்தச் சட்டமும் இல்லாமல் அது 30 ஆகிக் கிடக்கிறது. ஒரு ரூபா நின்றால் கொள்ளை சட்டமாகும் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். ஒழுங்காக எழுதினால் அந்தச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும்.

ஒரு இடத்தில் மட்டும் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். மட்டந்தட்டுவது மொத்தத் தொகையில் மட்டும்தான் நடக்க வேண்டும், ஒவ்வொரு சாமானிலும் நடக்கக்கூடாது. சீனி 238, நெருப்புப்பெட்டி 13, சவர்க்காரம் 153 என்று வையுங்கள். கூட்டினால் 404, மட்டந்தட்டினால் 405. ஒவ்வொன்றாகத் தட்டினால் 240, 15, 155, மொத்தம் 410. அதே கூடை, அதே ஆள், ஐந்து ரூபா காணாமல் போய்விட்டது. காசுப்பெட்டிக்கு முன்னால் இருந்தவர்களுக்கு இந்த வித்தை தெரியும். சட்டம் எழுதுகிறவர்களுக்கும் தெரிய வேண்டும். கனடாவில் மொத்தத்தில்தான் தட்டுகிறார்கள், அதுவும் கையில் காசு கொடுத்தால் மட்டும். அட்டையில் கொடுத்தால் சதம் பிசகாமல் எடுப்பார்கள்.

அட்டை என்றதும் இன்னொன்றும் மனதில் வருகிறது. கொழும்பில் கைத்தொலைபேசியைக் காட்டிக் காசு கட்டுகிறவருக்கு இந்தச் சட்டம் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். கூலிவேலைக்குப் போய் அன்றன்றைக்குச் சாமான் வாங்குகிற நம் சனம்தான் தாளும் குற்றியுமாகக் கொடுக்கிறது. தட்டுவதெல்லாம் அவர்கள் கணக்கில்தான் விழும். அதனால் பஸ், தபால், ஆஸ்பத்திரி, பிரதேச சபை என்று பொதுச் சேவைக் கட்டணங்கள் எல்லாவற்றையும் ஐந்தின் மடங்காகவே நிர்ணயிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். டீசல் விலைக்கு உண்மையிலேயே கட்டுப்படாது என்றால் 30 என்று பலகையில் எழுதட்டும். அப்போது கூட்டினார்கள் என்றாவது உங்களுக்குத் தெரியும், கேள்வி கேட்கலாம்.

அமெரிக்காவில் இந்த இடத்தில் சறுக்கிவிட்டார்கள். 2025 பெப்ரவரியில் ஜனாதிபதி ட்ரம்ப் நிறுத்தச் சொன்னார், நவம்பரில் நிறுத்தினார்கள். மட்டந்தட்டலுக்கு நாடு முழுவதற்குமான ஒரு சட்டம் அதற்குள் வரவில்லை. ஒரு சதம் கிடைக்காமல் ஒவ்வொரு கடையும் தன்பாட்டில் ஒரு முறை வைத்துக்கொண்டது. அவ்வளவு பெரிய நாட்டிலேயே அப்படியென்றால், வன்னியில் ஒரு பஸ்ஸுக்குள் நிற்கிற பெண் தனியாக நின்று எதைக் கேட்பது?

இப்போதைக்கு ஒரு வழி: நீங்களும் கூடப் போகிற இன்னொரு பிள்ளையுமாகச் சேர்ந்து இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுங்கள். 54 ரூபா. 55 கொடுத்தால் ஒரு ரூபாவோடு போகும். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

கேள்வி: அக்கா, 2008 கடைசியில் இடம்பெயரும்போது, மகன் திரும்பி வரவேண்டும் என்று வற்றாப்பளை அம்மனை நினைத்து ஒரு ரூபாக் குற்றி ஒன்றை மஞ்சள் துணியில் முடிந்து வைத்தேன். போன இடமெல்லாம் கொண்டுபோனேன், முகாமிலும் என்னோடுதான் இருந்தது. மகன் இன்னும் வரவில்லை. முடிச்சு சாமித்தட்டில் இருக்கிறது. ஒரு ரூபாவை நிறுத்தினால் அது செல்லாக்காசாகிவிடுமா? (ஒரு தாய், முல்லைத்தீவு)

பதில்: ஆகாது தங்கச்சி. பயப்படாதீர்கள்.

ஒரு குற்றியை இனி அடிப்பதில்லை என்பது ஒரு காரியம். இருக்கிற குற்றி செல்லாது என்பது வேறொரு காரியம். அமெரிக்கா நிறுத்தியது முதலாவதை. கையில் இருக்கிற ஒரு சதம் அங்கே இன்றைக்கும் செல்லும். கனடாவிலும் அப்படித்தான். ஒரு சதத்தைக் கொடுப்பதை நிறுத்தினார்களே தவிர, அதன் பெறுமதியைப் பறிக்கவில்லை. இந்தியாவில் நடந்தது மற்றது. 25 பைசாவும் அதற்குக் கீழே இருந்தவையும் 2011 ஜூன் 30ஆம் திகதியோடு செல்லாது என்றே அறிவித்துவிட்டார்கள். நம் நாட்டில் ஒரு ரூபாவை நிறுத்தும் நாள் வந்தால், அடிப்பதை மட்டும் நிறுத்துங்கள், இருப்பதைத் தொடாதீர்கள் என்று நான் எழுதிக் கேட்பேன். அர்ச்சனைத் தட்டில் வெற்றிலை பாக்கோடு வைப்பதற்கும், நூறு ரூபாவோடு ஒரு ரூபா சேர்த்து மொய் எழுதுவதற்கும், நேர்த்திக்கு முடிவதற்கும் நம் சனம் ஒரு ரூபாவைத்தான் தேடுகிறது. ஏற்கெனவே வெளியே கிடக்கும் குற்றிகள் இன்னும் இரண்டு தலைமுறைக்கு அதற்குக் காணும்.

குற்றியின் பெறுமதி குறைந்துவிட்டது, அம்மன் ஏற்றுக்கொள்வாவோ என்று அதை அவிழ்த்து 20 ரூபாக் குற்றியாக மாற்ற வேண்டாம். நேர்ந்தது எதுவோ அதுதான் போய்ச்சேர வேண்டும். மகன் வருகிற வருடம், வைகாசிப் பொங்கலுக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போய் அவன் கையாலேயே உண்டியலில் போடச் சொல்லுங்கள்.

துணி நைந்திருந்தால், பழைய முடிச்சை அவிழ்க்காமல் அதற்கு மேலே புது மஞ்சள் துணியைச் சுற்றிக் கட்டுங்கள். என் வீட்டிலும் என் தம்பிக்காக முடிந்தது ஒன்று இருக்கிறது. அதை நான் இதுவரை மூன்று தடவை அப்படிச் சுற்றியிருக்கிறேன்.